பதினோரு சாவிகள்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிட்டங்கியின் நடுவில் பாய்களை விரித்து, எட்டு வீட்டுக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து, எட்டுச் சாவிகளையும் தட்டில் வைத்த பிறகுதான் லாரிக்காரர் வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் டீ குடித்தார், ரொட்டி தின்றார், மழையைத் திட்டினார். வயிற்றுக்குள் இவ்வளவு பெரிய சேதியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்கு எப்படி நாலு ரொட்டி உள்ளே இறங்கியது என்று பூட்டுக்காரிக்கு அதன்பிறகு பல நாள் ஆத்திரமாக வந்தது.

பூட்டுக்காரி என்பது அவள் செய்த வேலையால் வந்த பெயர் இல்லை. அவள் புருஷன் அங்கே பூட்டுக்கடை வைத்திருந்தார். 'அங்கே' என்றால் கிட்டங்கியில் எல்லோருக்கும் ஒரே இடம்தான், நாற்பத்திரண்டு வீடுகள் இருந்த அந்தத் தெரு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. இருட்டுவதற்குள் தெருவைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவைப் படித்துவிட்டுப் போனது. எல்லோரும் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள். எட்டுக் குடும்பம் இந்த ஊரில் வந்து விழுந்தது. மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று கிடைத்ததும், பலகையும் அட்டையும் வைத்துத் தடுத்து அதை எட்டு வீடாக்கிக்கொண்டார்கள். ஒரு தடுப்பில் தும்மினால் எட்டுத் தடுப்பிலும் கேட்கும்.

பிரார்த்தனையை ஆரம்பித்து வைத்தவர் வாத்தியார். வந்த முதல் மாதம், எல்லோரும் விதியையும் சர்க்காரையும் மாறி மாறித் திட்டிக் களைத்த ஒரு சாயங்காலம் அவர்தான் சொன்னார்: "நம்மளத் துரத்தினவன் பாவத்த அவன் பாத்துக்கட்டும். நாம அங்க என்ன பண்ணினோம்னு நாம சொல்லுவோம். சொல்லிட்டு, திருப்பி அனுப்புன்னு ஆண்டவன்கிட்ட கேப்போம். சொல்லாம கேக்கறது மரியாதை இல்ல."

அதிலிருந்து வாராவாரம் இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் அங்கே செய்த ஒரு தப்பைச் சொல்லவேண்டும். இங்கே செய்கிற தப்புகள் சேராது. அதற்கு ஒரு ஞாயிறு போதாது. தப்பைச் சொன்னவர்தான் இரண்டாவது சுற்றில் தட்டிலிருந்து தன் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வீடு திரும்பும் நாளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லலாம். வாத்தியார் தன் தப்பாக ஒரே பையனைத்தான் சொல்லுவார். கரும்பலகையில் தானே தப்பாகப் போட்டுவிட்டு, அதைச் சரியாகச் சொன்ன பையனை அடித்த கதை. சொல்லும்போது ஒவ்வொரு வாரமும் அவர் குரல் உடையும். பால்காரம்மா, பாலில் தண்ணீர் ஊற்றினேன் என்பாள். அவள் குரல் உடையாது. முதல் வருஷம் ஒரு குடம் என்றாள், பிறகு அரைக்குடமாயிற்று, இப்போது ஒரு செம்பில் வந்து நிற்கிறது. இன்னும் ரெண்டு வருஷம் போனால் பால்தான் தண்ணீரில் விழுந்தது என்று ஆகிவிடும் என்று லாரிக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

பூட்டுக்காரர் மட்டும் நாலு வருஷமாக ஒன்றும் சொன்னதில்லை. அவர் முறை வரும்போது, "இன்னிக்கு எனக்கு இல்ல," என்பார். தப்பைச் சொல்லாததால் நம்பிக்கையும் சொன்னதில்லை. வீட்டுச் சாவியைத் தட்டில் வைப்பதும் எடுப்பதும் பூட்டுக்காரிதான். பெண்சாதி சொல்கிறாளே போதும் என்று முதலில் விட்டுவிட்டார்கள். பெரிய யோக்கியன் என்று நினைப்பு என்று பிறகு முணுமுணுத்தார்கள். அன்றைக்கு லாரிக்காரர் பேசி முடித்தபோது அந்த முணுமுணுப்பு வேறு ஏதோவாக மாறியது.

"நம்ம தெருவுக்குப் போய்ட்டு வந்தேன்," என்றார் லாரிக்காரர். "அந்தப் பக்கம் சரக்கு ஏத்த இப்பதான் அனுமதி கெடச்சுது. வண்டிய நிறுத்த விடல. மெதுவா ஓட்டிட்டே பாத்தேன். ஜன்னல் சட்டத்தக்கூட விடல, பேத்துட்டான். அந்த ஓட்ட வழியா பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. தொடச்ச மாதிரி இருக்கு."

"பூட்ட உடைச்சுட்டானுங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

"அதான் சார் எனக்குப் புரியல. உடைக்கல. பூட்டு பூட்டினபடி அப்படியே தொங்குது. ஒரு கீறல் கெடயாது. சாவி போட்டுத் திறந்து, எல்லாத்தையும் அள்ளிட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கான். நம்ம போயி நாலாம் நாள் மத்தியானம், ஒரே மத்தியானத்துல மொத்தத் தெருவும் முடிஞ்சுதுன்னு முக்குல டீ ஆத்தறவன் சொன்னான். பதினோரு வீட்டுலதான் கடப்பாரைய வச்சு கதவோட பேத்திருக்கான். எண்ணிக்கிட்டே வந்தேன். பதினொண்ணு." கொஞ்சம் நிறுத்தி, பூட்டுக்காரரைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க வீட்டுக்கும் கதவு இல்லண்ணே."

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பூட்டு செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பூட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்து போயிருந்ததைப் பூட்டுக்காரி பார்த்தாள். இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் காது தெரியும். பொய் சொல்லப் போகும்போதும் அது அப்படித்தான் சிவக்கும்.

"தம்பி, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார் வாத்தியார்.

"இன்னிக்கு எனக்கு இல்ல சார்."

பால்காரம்மாதான் முதலில் எட்டிப் பாய்ந்தாள். "எஞ்சாவிய நான் எடுத்துக்கறேன்ப்பா. இனிமே இது இங்க கெடக்க வேணாம்." அவ்வளவுதான், பதினாறு கைகள் தட்டுக்குள் புகுந்தன. தட்டு கவிழ்ந்தது. பாயில் சிதறியவற்றை அவரவர் அள்ளிக்கொண்டு தடுப்புக்குள் போனார்கள். அந்த வாரம் இரண்டாவது சுற்று நடக்கவில்லை.

பூட்டுக்காரியும் பால்காரம்மாவும் ஒரே சலவை ஆலையில் வேலை பார்த்தார்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பால்காரம்மாதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரமாக வந்து குவியும். சூடான உருளைகளுக்குள் ஒரு பக்கம் இரண்டு பேர் கொடுக்க, மறுபக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்கவேண்டும். வாங்குகிறவர்கள் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரே சமயத்தில் இழுத்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். ஒருத்தி கை முந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். கண்காணிப்பாளர் திரும்பப் போடச் சொல்லுவார். மூன்று வருஷமாக இவர்கள் இரண்டு பேர் மடித்த விரிப்பு கோணியதே இல்லை.

திங்கட்கிழமை எல்லாம் கோணிற்று. பால்காரம்மா வெடுக்கென்று இழுத்தாள்.

"அக்கா, மெதுவா."

"என்னத்த மெதுவா. நாலு வருசமா மெதுவாத்தான் இருந்தோம்." இன்னொரு வெடுக். "உன் வீட்டுக்காரன் நம்ம கூட வரலியே, எத்தன நாள் கழிச்சு வந்தான்?"

பூட்டுக்காரி விரிப்பின் முனையை நேராக்கினாள். பால்காரம்மாவுக்குத் தெரியாதது இல்லை. மூன்று நாள்.

"மூணு நாள்," என்று பால்காரம்மாவே சொன்னாள். "மூணு நாள் அங்க தனியா என்ன பண்ணினான்? உத்தரவு போட்ட பொறவு ஒரு பூன கூட அந்தத் தெருவுல இருக்க பயந்துச்சு. நான் இத்தன நாள் சொல்லல, இப்ப சொல்றேன். மூணாம் நாள் என் கொழுந்தன் மாட்டத் தேடிட்டு கொல்லப் பக்கமா வந்திருக்கான். உம்புருசன் எங்க வீட்டு வாசல்ல நிக்கறான். கையில என் வீட்டுப் பூட்டு. தொங்கல, தங்கச்சி. கையில இருக்கு. என் கொழுந்தனப் பாத்ததும் திரும்ப மாட்டிட்டு ஓடியிருக்கான்."

"அத ஏங்க்கா அப்பவே சொல்லல?"

"அக்கம்பக்கத்து வீட்டுப் பூட்டு சரியா இருக்கான்னு பாத்துருப்பான், நல்ல மனுசன்னு நெனச்சேன். நெனச்சேனா இல்லியா?" அவள் கண் கலங்கிவிட்டது. கோபக்காரிகளுக்குக் கண் கலங்கினால் கோபம் இன்னும் அதிகமாகும். "வாத்தியாரு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. வர்ற ஞாயித்துக்கெழம அவன் வாயத் தொறக்கணும். இல்லாட்டி தடுப்பக் காலி பண்ணிக்கணும். கூட உக்காந்து கும்புட முடியாதவன் கூட ஒரே கூரைக்குள்ள படுக்க முடியாதாம்."

"இந்த மழையில எங்கக்கா போவோம்?"

"அத அந்தாளக் கேளு."

கண்காணிப்பாளர் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் பார்த்து, திரும்பப் போடச் சொன்னார்.

சந்தேகம் பால்காரம்மா கொடுத்தது என்று சொன்னால் அது பொய். பூட்டுக்காரியிடம் அது முன்னாலேயே இருந்தது. மூன்று நாள் கழித்து அவர் வந்து சேர்ந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து, நகமெல்லாம் கறுத்திருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "வழியில வேல செஞ்சேன்," என்றார். என்ன வேலை, யாருக்கு? அவள் கேட்கவில்லை. உயிரோடு வந்தாரே என்ற சந்தோஷத்தில் கேட்காமல் விட்டது, பிறகு கேட்க முடியாததாகிவிட்டது. இந்த ஊரில் அவர் ஒரு பூட்டைக்கூடத் தொட்டதில்லை. காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சாவி தொலைந்துபோய், யாரோ சொல்லி அவரைக் கூப்பிட வந்தபோது, எனக்கு அந்த வேலை தெரியாது என்றார். பத்தொன்பது வருஷம் செய்த வேலை தெரியாதாம். தகரப்பெட்டி ஒன்று அங்கிருந்து கொண்டுவந்தார். அதில் அவர் செய்த பூட்டு ஒன்று தொங்கியது. அந்தச் சாவியை மட்டும் அவள் கையில் கொடுக்கவே மாட்டார். போர்வை வேண்டுமென்றால் அவரே திறந்து எடுத்துத் தருவார். இதெல்லாம் தனித்தனியாக ஒன்றுமில்லை. லாரிக்காரர் பேசிய பிறகு எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு சாயங்காலத்திலிருந்து மூன்று நாளும் அவள் அவரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதைப் பார்த்தாள். சட்டை மாற்றும்போது இடுப்பைப் பார்த்தாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்ததும் கழற்றிப்போட்ட சட்டையின் பையில் கையை விட்டாள். ஒரு பீடிக்கட்டும் நனைந்த தீப்பெட்டியும் இருந்தன. அவருக்கும் தெரிந்திருந்தது. பார்க்கிறாள் என்று தெரிந்தும் கேட்காமல் இருந்தார். அதுவே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது.

புதன்கிழமை ஆலையில் கொதிகலன் கெட்டுப்போய் மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கிட்டங்கியில் ஆளில்லை. பூட்டுக்காரி ஈரச் செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராகப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். கொண்டை ஊசியை விட்டுத் திருகினாள். ஊசி வளைந்தது. இன்னொரு ஊசி, அதுவும் வளைந்தது. புருஷன் செய்த பூட்டு நல்ல பூட்டு என்று பெருமைப்பட வேண்டிய நேரமா அது? ஆத்திரத்தில் கழுத்தில் தொங்கிய துணிப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். அப்போதுதான் அதில் கட்டியிருந்த நூலைப் பார்த்தாள்.

பச்சை நூல். அவளுடையது சிவப்பு. பச்சை பால்காரம்மாவுடையது.

தட்டு கவிழ்ந்தபோது மாறியிருக்கிறது. பால்காரம்மா கையில் இப்போது தன் சாவி இருக்கும். இதையும் திருட்டு என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவளுக்கு உடம்பு வேர்த்தது. அந்த வேர்வையோடு, எதற்கென்று தெரியாமல், பச்சை நூல் சாவியைப் பெட்டிப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பினாள்.

பூட்டு திறந்துகொண்டது. தடையில்லாமல், அந்தப் பூட்டுக்கென்றே செய்த சாவி போலத் திறந்துகொண்டது.

வெகுநேரம் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. பூட்டினாள், திறந்தாள். மறுபடி பூட்டினாள், மறுபடி திறந்தாள். சாவியில் 'இருபத்தாறு' என்று எண் வெட்டியிருந்தது. பூட்டில் 'நாற்பத்து மூன்று' என்று இருந்தது. பிறகு மூடியைத் தூக்கி, போர்வைகளை எடுத்து வெளியே போட்டு, அடியில் விரித்திருந்த காகிதத்தைக் கிழித்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். அதற்குள் சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு எண் கீறியிருந்தது. மொத்தம் பதினொன்று.

அவள் அழவில்லை. சாவிகளைப் போர்வை மேல் வரிசையாக அடுக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பூட்டுக்காரர் நாலு மணிக்கு நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். போர்வையைப் பார்த்தார். சாக்கை எடுக்காமலேயே உட்கார்ந்தார்.

"பதினோரு வீட்ட எவ்வளவுக்கு வித்தீங்க?" என்றாள்.

"விக்கல."

"அப்ப மிச்ச முப்பத்தொண்ண வித்தீங்களா?"

"ஏய், மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? எட்டுத் தடுப்பிலயும் ஆளில்ல. ஆளிருந்தாலும் இனிமே எனக்கு என்ன?" பச்சை நூல் சாவியை அவர் மடியில் எறிந்தாள். "இது பால்கார அக்கா சாவி. உங்க பொட்டி எப்படி இதுல தொறக்குது? அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் சாவியை எடுத்துப் பல்லை விரலால் தடவினார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த விரல் அந்த வேலையைச் செய்ததை அவள் பார்த்தாள்.

"இதுல மட்டும் இல்ல," என்றார். "நம்ம சாவியிலயும் தொறக்கும். வாத்தியார் சாவியிலயும் தொறக்கும். நம்ம தெருவுல மொத்தமே அஞ்சு தினுசு சாவிதான்."

"என்னது?"

"அஞ்சு. தெரு புதுசா கட்டினப்ப ஒரு மாசத்துல நாப்பத்திரெண்டு பூட்டு கேட்டாங்க. ஒவ்வொரு பூட்டுக்குள்ளயும் ஆறு லீவர், சாவிப் பல்லு தூக்கற தகடு. ஆறையும் வேற வேற உயரத்துல அராவி, அதுக்குச் சாவி வெட்டணும்னா ஒரு பூட்டுக்கு ஒரு நாள் ஆகும். நமக்குப் புதுசா கல்யாணம் ஆயிருந்துது. அந்த வேலைய வேற யாருக்கும் விட மனசில்ல. அஞ்சு தினுசு வெட்டினேன். அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். மேல எண்ண மட்டும் வேற வேற குத்தினேன்."

"பத்தொம்பது வருசமா ஒருத்தருக்கும் தெரியலயா?"

"எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுப் பூட்டுல தன் சாவியப் போட்டுப் பாக்கற ஆளு ஒருத்தன் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தத் தெருவுல அப்படி ஒருத்தன் இல்ல. நான் ஒருத்தன்தான் அயோக்கியன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"உத்தரவு வந்த அன்னிக்கு எல்லாரும் பூட்டிட்டு சாவியக் கண்ணுல ஒத்திக்கறாங்க," என்றார். "எனக்குப் பாக்க முடியல. அவசரத்துல அஞ்சாறு வீட்டுக்காரங்க சாவியப் பூட்டுலயே விட்டுட்டுப் போனாங்க, உத்தரவு வண்டியில வந்தவங்க அத உருவி எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தன் கையில அஞ்சு சாவி சிக்கினா போதும், மொத்தத் தெருவும் தொறந்துடும். அதான் நின்னுட்டேன். ஒவ்வொரு பூட்டா கழட்டி, ரிவெட் ஆணிய அடிச்சு எடுத்து, இருக்கற லீவரயே வரிச மாத்தி அடுக்கி, புதுச் சாவி வெட்டி, திரும்ப மாட்டினேன். கடைய சீல் வச்சுட்டான். ஒரு அரம், ஒரு சுத்தி, அவ்வளவுதான் கையில. மூணு நாள்ல பதினொண்ணுதான் முடிஞ்சுது. நாலாம் நாள் அவங்க வந்துட்டாங்க. கொல்லப் பக்கமா ஓடி வந்துட்டேன்."

"பால்கார அக்கா வீடு?"

"பன்னெண்டாவது. கழட்டிக் கையில வச்சிருந்தேன். அவங்க கொழுந்தன் வந்துட்டான். என்னன்னு சொல்றது? அப்படியே மாட்டிட்டு வந்துட்டேன்."

எல்லாம் பொருந்தியது. பொருந்துவதாலேயே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. நாலு வருஷம் யோசித்தால் யாருக்கும் இப்படி ஒரு கதை பொருந்தத்தான் செய்யும். அவள் போர்வை மேல் கிடந்த சாவிகளைப் பார்த்தாள். ஒன்றின் மேல் பதினேழு என்று கீறியிருந்தது. பதினேழு அவர்கள் வீடு.

"நம்ம வீடு எத்தனாவதா மாத்தினது?"

கேட்டுவிட்டு அவர் காதைப் பார்த்தாள். காது சிவக்கவில்லை. வெளுத்துப் போயிருந்தது. அதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கேக்கறேன்ல?"

"மொதல்ல," என்றார். "நம்மளோடதத்தான் மொதல்ல மாத்தினேன். ஊரே கொள்ள போவப் போவுது, என் தப்பால போவப் போவுது, தெரியுது. தெரிஞ்சும் மொத நாள் காலையில என் வீட்டு வாசல்லதான் போய் உக்காந்தேன். அரை நாள் அதுக்கே போச்சு. அந்த அரை நாள்ல ரெண்டு வீடு முடிச்சிருக்கலாம். பால்காரம்மா வீட்ட முடிச்சிருக்கலாம்." சாக்கின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு தினுச எப்படியாவது சொல்லிடுவேன். இத எப்படிச் சொல்றது?"

அவள் அப்போதுதான் நம்பினாள். கதை கட்டுகிறவன் தன்னை நல்லவனாகத்தான் கட்டுவான். இப்படி ஒரு கேவலத்தைச் சொந்தமாக யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நம்பியதும் அவளுக்கு வேறொன்று புரிந்தது. நாலு வருஷமாக வாராவாரம் கையில் வைத்துக்கொண்டு ஆண்டவனே ஆண்டவனே என்றாளே, அந்தச் சாவி அவள் வீட்டைத் திறக்காது.

"அப்ப எதுக்கு என்னத் தினமும் அந்தச் சாவியத் தொங்கவிட வச்சீங்க?" என்று கேட்டு, அவர் தோளில் ஓங்கி இரண்டு அடி அடித்துவிட்டு, அதன்பிறகுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு யாரும் சாவியைத் தட்டில் வைக்கவில்லை. மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்காரர் மட்டும் எண்ணெய்த் துணியை அவிழ்த்து, பதினோரு சாவியையும் தட்டில் கொட்டினார். யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அவர் எழுந்து நின்று சொன்னார். ஒன்றும் விடவில்லை. அஞ்சு தினுசு, ஆறு லீவர், மூணு நாள், கொழுந்தன். கடைசியில், மொதல்ல என் வீடு.

நம்புவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை. லாரிக்காரர் வாத்தியாரின் சாவியை வாங்கிப் பெட்டிப் பூட்டில் போட்டுப் பார்த்தார், திறந்தது. தன்னுடையதைப் போட்டார், திறக்கவில்லை. அதற்காக அவர் ஏனோ சந்தோஷப்பட்டது போல இருந்தது. தட்டில் கிடந்த சாவிகளின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "கதவு பேந்து கெடக்குதுன்னு நான் பாத்த வீடுங்கதான்," என்றார். பிறகு, "நீ மாத்தின வீட்டுக்கு மட்டும் கதவு போச்சு. மாத்தாத வீட்டுக்குக் கதவாவது மிஞ்சிச்சு. நல்லா வேல செஞ்சண்ணே நீ," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"தூங்கும்போதெல்லாம் பூட்டியிருக்குன்னு நெனச்சுத் தூங்கினோம்," என்றார். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டார். "தப்பச் சொல்லிட்டீங்க. சொன்னவங்க ரெண்டாவது சுத்துல பேசலாம். அது முறை. பேசறீங்களா தம்பி?"

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். முடியாது என்று ஆட்டினார்.

அப்போது பூட்டுக்காரி எழுந்தாள். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை; கால் மரத்துப் போயிருந்தது, அதனால் தடுமாறினாள். பச்சை நூல் கட்டிய சாவியைக் கையில் பிடித்துக்கொண்டாள். பால்காரம்மா சட்டென்று தன் மடியைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்தது சிவப்பு நூல்.

"மாறிப்போச்சுக்கா," என்றாள் பூட்டுக்காரி. "மாறினாலும் பரவால்ல. ரெண்டும் ஒண்ணுதான். ஆண்டவனே, எனக்குத் தொறக்க வீடு இல்ல. கதவே இல்ல. ஆனா இந்தச் சாவி இன்னும் இந்த அக்கா வீட்டத் தொறக்கும். என்ன மொதல்ல அனுப்பினா நான் போயி அந்த வீட்டத் தொறந்து, கூட்டிப் பெருக்கி, அடுப்பு பத்த வச்சுட்டு, அவங்க வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன். என் வீட்டுக்கு அப்பறமா போறேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. யாரும் ஆமென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தடுப்பக் காலி பண்றத பத்தி... மழை நிக்கட்டும், பேசிக்கலாம்," என்றார். அந்த ஊரில் மழை நிற்பதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. லாரிக்காரர் தன் சாவியை எடுத்துத் தட்டில் வைத்தார். இன்னொருவர் வைத்தார். பால்காரம்மா வைக்கவில்லை. சிவப்பு நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு பூட்டுக்காரியைக் கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். இவள் அடிக்கத்தான் வருகிறாள் என்று பூட்டுக்காரி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"நெசமாவே என் வீட்டுக்குத்தான் மொதல்ல போவியா?" என்று காதோரமாகக் கேட்டாள் பால்காரம்மா.

"போவேங்க்கா."

"ஒண்ணும் எடுக்க மாட்டியே?"

"அங்க என்ன இருக்கு எடுக்க?"

பால்காரம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். வாத்தியார் கரும்பலகைப் பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"மாட்டுக் கொட்டாய்ச் செவுத்துல மூணாவது வரிசக் கல்லு ஒண்ணு ஆடும். அதுக்குப் பின்னாடி ஒரு பால் படி இருக்கு. அடியில தகடு வச்சுப் பத்த வச்ச, அளவு கொறஞ்ச படி. பாத்தாத் தெரியாது, ஊத்தினாத்தான் தெரியும். தண்ணியெல்லாம் ஒண்ணுமே இல்ல, தங்கச்சி. அந்தப் படிதான். யாரும் வர்றதுக்கு முன்னாடி அத எடுத்து கெணத்துல போட்டுடு."

பூட்டுக்காரி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாக அந்தக் குரல் உடைந்திருந்தது.

"போட்டுடறேன்," என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

பால்காரம்மா விரலில் சுற்றியிருந்த நூலை அவிழ்த்தாள். பிறகு சிவப்பு நூல் சாவியைத் தட்டில் வைத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.